மூன்றாவது மாத்திரை

மார்ச் 3

மாமா இன்று மறுபடியும் ஆன்டிபயாடிக்கை மாற்றினார். போன வாரம் கொடுத்தது "சரியா கேக்கல"யாம். எனக்கு இருமல் நின்றபாடில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், உடுப்பெல்லாம் தொளதொள. என் மாமனார் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். அந்த டாக்டர் போய்ச் சேர்ந்ததும் இவரே டாக்டராகிவிட்டார். தெருவே வாசலில் வந்து நிற்கும். தகர டப்பாவைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் மாத்திரை அள்ளிக் கொடுப்பார். அச்சகத்தில் ஊர் உலகத்துப் பிழையெல்லாம் திருத்துகிறவள் நான். வீட்டில் வாயைத் திறப்பது இவர் கொடுப்பதை விழுங்குவதற்கு மட்டும்.

மார்ச் 9

இருமும்போது ப்ரூஃப் தாளில் ரத்தம் தெறித்தது. முதலாளியம்மாதான் வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். என்னென்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று டாக்டரம்மா கேட்டார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "இத்தனை நாள் இருமலுக்கு முதல்ல சளியத்தானே டெஸ்ட் பண்ணியிருக்கணும்? கண்ட மாத்திரையப் போட்டு நோயை மூடி வச்சிருக்காங்களேம்மா!"

மார்ச் 11

டிபி.

மார்ச் 12

வீட்டில் எல்லோரும் டெஸ்டுக்கு வரவேண்டும், முக்கியமாகக் குழந்தை என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். மாமா ஒரே போடாகப் போட்டார்: "எங்க வீட்டுல வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன்." எதை வைத்துப் பார்த்தார்? அவர் இருமினால் அது சிகரெட் இருமல், நோயில் சேர்த்தியில்லை. நான் இருமினால் அச்சகத்திலிருந்து வாங்கி வந்தது! தெருவுக்கே அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

குட்டியை என் அறையிலிருந்து தூக்கிப் போய்த் தன் கட்டிலில் படுக்க வைத்துக்கொண்டார். நாலு வயசுக் குழந்தை. "கோர்ஸ் முடியட்டும், அப்புறம் அம்மாகிட்ட போலாம்." ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டைகளும் அவர் டப்பாவுக்குள் போயின. என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்பாவுக்குத் தெரியாததா? விடு."

விடு, விடு, விடு. இந்த மனுஷன் வாயில வேற வார்த்தையே வராதா?

மார்ச் 20

தினமும் மூன்று மாத்திரை என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். மாமா இரண்டுதான் தருகிறார். "மூணு போட்டா உன் உடம்பு தாங்காது. ரெண்டு போதும்." இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாகக் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

மார்ச் 21

மூன்று வந்தது. சின்னக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீரோடு அவரே கொண்டு வந்து வைத்தார். ஜெயித்துவிட்டேன்!

ஏப்ரல் 17

குட்டி வாசற்படியில் நின்று, "அம்மா, உன் இருமல் ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்டாள். மூட்டை கட்டிக்கிட்டு இருக்கு என்றேன். உள்ளே ஒரு கால் வைத்தாள். தாத்தா கூப்பிட்டார். கால் போய்விட்டது.

மே 13

சளியில் இன்னும் கிருமி இருக்கிறதாம். இந்நேரம் போயிருக்க வேண்டுமாம். ஒருநாள் கூட விடவில்லை என்று சத்தியம் செய்தேன். டாக்டரம்மா ஒரு மாத்திரையை மேஜைமேல் வைத்தார். "மூணும் இதே மாதிரிதானே இருக்கு?" இதே சிவப்புதான் என்றேன். "நாளைக்குப் போடுறதுக்கு முன்னாடி நல்லா பாருங்க. எதுவும் வித்தியாசமா இருந்தா அப்படியே எடுத்துட்டு வாங்க."

மே 14

விழுங்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஒரு ஜாதி. மூன்றாவது அதே சிவப்பு, ஆனால் ஓரம் வேறு, பளபளப்பு வேறு. சத்து மாத்திரை! தெருவில் சோகை பிடித்த பெண்களுக்கெல்லாம் அவர் கொடுப்பாரே, அது.

நேரே போய் நின்றேன். "என்னோட மூணாவது மாத்திரை எங்க போகுது மாமா?"

பதில் சொல்ல வாயெடுத்தவர் இருமினார். கைக்குட்டையை மடித்து மறைத்தார். பிடுங்கிப் பார்த்தேன். சிவப்பு.

"நான்தாம்மா போட்டுக்கறேன். கொஞ்சம் கேக்குது."

தனக்கு என்ன நோயென்று அவருக்குத் தெரியும்! கம்பவுண்டருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் டெஸ்டுக்குப் போகவில்லை. "எனக்கே டிபின்னா அப்புறம் யாரும்மா என்கிட்ட வருவாங்க?" வரமாட்டார்கள் என்பதற்காக எனக்கும் அரைகுறை மருந்து, தனக்கும் அரைகுறை மருந்து. பழி மட்டும் முழுசாக எனக்கு.

"என்னைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டு எம்புள்ளையக் கொண்டுபோய் உங்க பக்கத்துல படுக்க வச்சீங்களே... நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். விடு என்று சொல்லட்டும், இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்தேன். சொல்லவில்லை. செருப்பை எடுத்து வந்து மாமாவின் காலடியில் போட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கப்பா. குட்டியும் வரட்டும்."

மே 18

மாமாவுக்கு இருக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "இது ரொம்ப நாளா இருக்கு. உங்களுக்கு இவர்கிட்ட இருந்துதான் வந்திருக்கணும்" என்றார். மருந்தை இப்படிப் பங்கு போட்டால் கிருமி பழகிப்போய் எதற்கும் அடங்காமல் போய்விடுமாம். எங்கள் இருவர் கிருமியும் இன்னும் மருந்துக்கு அடங்குகிறது. பிழைத்தோம்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. குட்டிக்கும் நோய் இல்லை. வராமல் தடுக்க அவளும் மருந்து சாப்பிட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

மே 19

நம் வீட்டு விஷயம் தெருவுக்குத் தெரியவேண்டாம் என்று என் வீட்டுக்காரரிடம் மாமா சொல்லியிருக்கிறார். என் பெயர் தெருவில் நாறியபோது அது யார் வீட்டு விஷயம்?

ஜூலை 18

சளியில் கிருமி இல்லை. மாத்திரையை மட்டும் முடிகிறவரை விடக்கூடாது. குட்டி அப்பாவின் பாயிலிருந்து தலையணையைத் தானே இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

ஜூலை 20

காலையில் தையல்காரர் வாசலில் வந்து இருமினார். "டாக்டரே, இருமல் விடவே மாட்டேங்குது. ஏதாவது ஸ்ட்ராங்கா குடுங்க."

அறையில் குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். டப்பா திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். திறந்தால் அதை எடுத்துத் தெருவில் வீசுவது என்றே இருந்தேன்.

"என்கிட்ட மருந்து இல்லப்பா. போய் சளி டெஸ்ட் எடு."

"என்ன டாக்டரே, நீங்களே இப்படிச் சொன்னா?"

மாமாவின் குரல் எதிர்வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது. "நான் டாக்டர் இல்ல. எனக்கு டிபி. என் மருமகளுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சு. அவ கொண்டு வரல."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. மாமா உள்ளே திரும்பி என் அறைப் பக்கம் பார்த்தார். நான் நிமிரவில்லை. குட்டியின் முடியில் பெரிய சிக்கு. அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.