புரொப்பெல்லர் இருந்த குழி

வாத்தியாருக்கு,

சர்வேயர் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் நலத்தைத் தொலைக்காட்சியிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள். புதுக் கண்ணாடி எடுப்பாக இருக்கிறது. அந்த ஊர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது போலும்.

எங்கள் அலுவலகக் கூரை முன்னைவிட மோசமாக ஒழுகுகிறது. வரைபடங்களை மேசைமேல் ஏற்றிவிட்டு நாங்கள் மூலைக்கு ஒருவராக ஒண்டிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் ஒரு சுவருக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிக்கு நிலம் அளக்கப் போனேன். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே தம்பிக்காரர் எல்லைக்கல்லைக் காலால் தள்ளிப் பார்க்கிறார். "ஐயா, கல்லை நகத்துனா நிலம் நகராது" என்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் வந்த படத்தை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் அலுவலகத்தில். சாலைக் குறிகள் ஒட்டிய சுவருக்கு எதிரே, வண்டி கற்றுக்கொள்ள வருபவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து. மலையில் கிடக்கும் பழைய தபால் விமானத்தைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி வருகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நம்ம விமானமா இருக்குமோ, வாங்க" என்று போன் செய்தார். நான் ஓடினேன். வேறு விமானமாகத்தான் இருக்கும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். நம் இருவரைத் தவிர அந்த இடம் யாருக்கும் தெரியாதே!

திரையில் நம் மலை வந்தது, பிறகு வெளிநாட்டு அருங்காட்சியகக் கூடத்தில் நீங்கள் வந்தீர்கள். புரொப்பெல்லரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "மேகம் மூடியிருந்தும் இறங்கிவிடலாம் என்று நினைத்த ஒரு விமானியின் அவசரம், இரண்டு உயிர்களைக் குடித்துவிட்டது" என்றீர்கள்.

அந்த விமானியின் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வாத்தியாரே.

அவர் அழவில்லை. எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். "அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்காங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடியில் பின்னால் பார்க்கச் சொல்லி, கிளட்சை மெதுவாக விடச் சொல்லி, எப்போதும்போல அவர் குரல் தெருவில் கேட்டது. நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வண்டி திரும்பி வருவதற்குள் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தப்பு செய்தவர் நீங்கள். கூனிக் குறுகிப்போனது நான்.

இனி எழுதப்போவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் படத்தில் நீங்கள் பேசியதைக் கேட்ட பிறகு, உங்களுக்கு எது நினைவிருக்கிறது, எதை மறந்துவிட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதனால் ஒழுங்காகவே சொல்கிறேன்.

விழுந்த விமானங்களைத் தேடி நாம் அலைய ஆரம்பித்த காலத்தில், ஏரிச் சேற்றில் கிடந்த போர் விமானத்தை ஊருக்கெல்லாம் சொன்னோம். பெருமை பிடிபடவில்லை. அடுத்த முறை போனபோது பழைய இரும்புக்காரர்கள் அதை நக்கித் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருக்கையின் கம்பிகூட மிஞ்சவில்லை. கரையில் நின்று, "இனிமே தொடக்கூடாது, நகத்தக்கூடாது, எடுக்கக்கூடாது, வழி சொல்லக்கூடாது" என்று சொன்னவர் நீங்கள். அதன் பிறகு எத்தனை இடங்களுக்குப் போனோம்! கிடந்தது கிடந்தபடி அளந்தோம், படம் எடுத்தோம், இறந்தவர்களின் வீட்டாரைத் தேடிச் சொன்னோம். வேறெதையும் செய்ததில்லை.

தபால் விமானம் கிடைத்த நாளில் நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். பாசி படர்ந்த வால் பகுதி. பாறை என்று நினைத்து நான் அதன்மேல் பையை வைத்துவிட்டேன். திட்டினீர்கள். பிறகு இடதுபக்க எஞ்சினைக் கண்டதும் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தீர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பில் சொல்வதுபோல நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தரையில் மோதினால் புரொப்பெல்லரின் இதழ்கள் முறுக்கிச் சுருண்டுவிடும். வலதுபக்கத்தில் இருப்பது அப்படித்தான் என்று காட்டினீர்கள். இடதுபக்கத்தில் இதழ்கள் சுருளவே இல்லை. அதோடு, கத்திபோல விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பியிருந்தன. "பழுதான எஞ்சினை விமானியே நிறுத்தி, காத்து தடுக்காம இருக்கட்டும்னு இதழைத் திருப்பிவிட்டாத்தான் இப்படி நிக்கும்" என்றீர்கள். ஒற்றை எஞ்சினை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எப்படியாவது திரும்பிப் போய்விடப் பார்த்திருக்கிறார். விமானமே கிடைக்காமல் நடந்த விசாரணையில், எஞ்சின்களில் குறை இல்லை, தவறு விமானியுடையது என்று எழுதி மூடிவிட்டார்கள். "அந்தப் பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றது" என்று கேட்டபோது உங்கள் குரல் உடைந்தது. நான் கேட்டேன். என் காதில் அது இன்னும் இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் அம்மாவிடம் சொன்னோம். மழை விட்டதும் அவரைக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம். ஓய்வுபெற்ற விமான விபத்து விசாரணை அதிகாரி ஒருவரையும் அழைத்துச் சென்று, எதையும் அசைக்காமல் காட்டுவது என்றும் பேசிக்கொண்டோம். மழை விட்ட பிறகு, பாதை சரிந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்றீர்கள். பொறுத்தோம். நாங்கள் பொறுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நீங்கள் படக்குழுவோடு அதே பாதையில் ஏறியிருக்கிறீர்கள். வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது என்று சொன்னதும் உங்களைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். டாக்ஸி பிடித்ததும் நான்தான். உங்கள் பெட்டியைத் தூக்கி வைத்ததும் நான்தான். ஏன் இந்த மனிதர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே பார்க்கிறார் என்று நினைத்தேன். பிரிகிற துக்கம் போலிருக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஏமாறுவதற்கென்றே பிறந்தவள்!

படம் பார்த்த மறுநாள் டிரைவிங் ஸ்கூல் அம்மா வீட்டுக்கு வந்தார். "மலைக்கு எப்போ போறோம்?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு முழங்கால் வலி. பாதி வழியில் நின்று, "வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தே காலத்தை ஓட்டிட்டேன், நடக்க யாராவது கத்துக்கொடுத்திருக்கலாம்" என்று சிரித்தார். பாதை எங்கும் சரியவில்லை. அதையும் அவர் கவனித்தார்.

மேலே வாலை அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த இடம் புதுத் தகரம்போலப் பளபளத்தது. தண்ணீர் பாட்டில்கள் இறைந்து கிடந்தன. வலதுபக்க எஞ்சினை இழுத்துப் பாறையில் சாய்த்து வைத்திருந்தார்கள், படத்தில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. இடதுபக்கம் வெறும் குழி. அதில் மழைத்தண்ணீர் நின்றது.

"இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதழ்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றன என்று கேட்டார். கையால் காட்டினேன். தன் கையையும் அதேபோல நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"எங்கப்பா கடைசியா செஞ்ச வேலை அது ஒண்ணுதான். அதையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

விசாரணை அதிகாரியைப் பார்த்தோம். நல்ல மனிதர். நான் வரைந்த அளவுப்படத்தை வெகு நேரம் பார்த்தார். இடத்தைவிட்டு எடுத்த பிறகு புரொப்பெல்லர் எதற்கும் சாட்சி ஆகாது, எடுத்தவர்களே திருப்பினார்கள் என்று சொல்லிவிடலாம் என்றார். புகைப்படங்கள் எல்லாம் உங்கள் கேமராவில் இருக்கின்றன. என் ஒருத்தியின் சொல்லை, அந்த அம்மாவின் சிநேகிதி சொல்வது என்று தள்ளிவிடுவார்களாம். முதல் நாள் பார்த்த இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தால் பழைய விசாரணையைத் திறக்கச் சொல்லி அவரே மனுப் போடுகிறாராம்.

ஆகையால் எழுதுகிறேன். கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்புங்கள். படங்களையும் அனுப்புங்கள். வேறு எதையும் நான் இப்போது கேட்கவில்லை.

இப்படிக்கு,
சர்வேயர்


வாத்தியாருக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. உங்கள் பதில் என்று சொல்லலாமா தெரியவில்லை. அருங்காட்சியகத்தின் தாளில் தட்டச்சு செய்திருக்கிறது. அந்தப் பொருள் அருங்காட்சியகத்தின் உடைமையாம், அதன் முந்தைய நிலை குறித்துக் கருத்துச் சொல்ல இயலாதாம். கீழே மட்டும் உங்கள் கையெழுத்தில், "நீங்கள் புரிந்துகொள்வீர்கள்" என்று ஒரு வரி.

புரிந்துகொண்டேன். உங்கள் அருங்காட்சியகத்துக்குக் கூடம் கட்டிக்கொடுத்ததே அந்தத் தபால் விமானத்தை ஓட்டிய நிறுவனம்தான் என்று விசாரணை அதிகாரி சொன்னார். பழுதான எஞ்சினோடு விமானத்தை அனுப்பினார்கள் என்று அவர்கள் கூடத்திலேயே எப்படி எழுதி வைப்பீர்கள்? விமானி அவசரப்பட்டார் என்று எழுதிவிட்டால் யாருக்கும் நோகாது. செத்தவன் வந்து கேட்கவா போகிறான்.

உங்கள் வீட்டம்மா வந்திருந்தார். விசா வரவில்லை, பெட்டி கட்டியபடி காத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் அம்மாவும் அப்போது என்னோடு இருந்தார். நான் தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அவர் மலையிலேர்ந்து வந்த அன்னைக்கே எங்கிட்ட சொன்னார். அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல, கடைசி வரைக்கும் போராடியிருக்கார்னு சொல்லி அழுதார். அதே வாயால டிவியில வேற பேசறார். எனக்குச் சோறு இறங்கல" என்றார். தேவைப்பட்டால் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

என் கை பரபரத்தது என்பதை மறைக்கவில்லை. இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் டிரைவிங் ஸ்கூல் அம்மா முந்திக்கொண்டார். "வேணாம்மா. புருஷனுக்கு எதிரா உங்களை எழுத வச்சு எங்கப்பா பேரு நல்லாக வேணாம். நீங்க அவர்கிட்ட போய்ச் சேருங்க" என்றார். உங்கள் வீட்டம்மா அதற்குப் பிறகுதான் அழுதார். கிளம்பும்போது என்னிடம், "நான் வந்தேன், சொன்னேன்னு அவருக்கு எழுதுங்க. மறைக்காதீங்க. அப்பவாவது உறைக்கட்டும்" என்றார். அதனால் எழுதியிருக்கிறேன். அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் யாராவது ஒருவருக்காவது சோறு இறங்காமல் போனதே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

உங்களை எங்கும் காட்டிக்கொடுக்கப்போவதில்லை. செய்தித்தாளில் தெரிந்தவர் ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். உங்கள் மானத்தைக் காப்பாற்ற அல்ல. எழுதினால் சண்டை உங்களைப் பற்றியதாகிவிடும். விமானி மறுபடியும் மறந்துபோவார். நான் மட்டும் என் சாட்சியை எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை அதிகாரி அதை வைத்தே மனுவை அனுப்பியிருக்கிறார். "நிக்கிறது கஷ்டம்" என்றும் சொல்லிவிட்டார்.

இன்னொரு செய்தி. டிரைவிங் ஸ்கூலுக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்திருக்கிறது. அந்த அம்மாவைப் பள்ளியில் சேர்த்தபோது யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று அவருடைய தாயார் தன் பெயரின் முதலெழுத்தையே இனிஷியலாகப் போட்டாராம். இத்தனை காலமும் அதுதான். இப்போது பலகையில் அப்பா பெயரின் முதலெழுத்து. பெயிண்டர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்து நான் திருத்தச் சொல்லப் போனேன், சரியாகத்தான் எழுதியிருந்தார். "மனு என்னாகுமோ பார்த்துட்டு மாத்தலாமே" என்றேன். "எங்கப்பா எனக்கு அப்பாங்கறதுக்கு எதுக்கு மனு?" என்று கேட்டார். நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

உங்களிடம் பேசி இத்தனை நாள் ஆனதில்லை. ஒரு மலையைப் பார்த்தால், இதில் எங்கே தேடலாம் என்று இன்னமும் உங்களிடம் கேட்கத்தான் வாய் வருகிறது. அந்தக் கோபமும் சேர்த்துத்தான் எனக்கு.

மனு விசாரணைக்கு வர நாளாகும். அதுவரை உங்கள் தாளுக்கு இடம் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் தாள் வேண்டாம். கோடு போட்ட தாளாக இருந்தாலும் போதும்.

இதை எழுதும்போது டிரைவிங் ஸ்கூல் அம்மா எதிரில்தான் இருக்கிறார். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவர் நல்லா இருக்கட்டும்னு எழுதுங்க" என்றார். "நல்லா இருந்தாத்தானே அவரால சாட்சி எழுத முடியும்."

இப்படிக்கு,
சர்வேயர்