ஈரப் பேலட்டுகள்

1996 ஜூலை, செவ்வாய்

இன்றும் மழை விடவில்லை. யார்டில் நனைந்து கிடந்த, சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகளில் ஈரம் பார்க்கிற மீட்டரைக் குத்திப் பார்த்தேன். மரம் உள்வரை ஈரம். ரியாத்துக்குப் போகும் கூரைத் தகடுகளை இவற்றில் ஏற்றக்கூடாது என்று சிவப்புச் சோக்கால் கோடு போட்டு ஒதுக்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் ஒன்றையும் காணோம். சூப்பர்வைசர் சுரேஷ் எல்லாவற்றிலும் தகடுகளை அடுக்கிக் கண்டெய்னரில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

“கப்பல் நமக்காக நிக்காதுக்கா. பாலைவனத்துல செலவில்லாம காஞ்சிடும், விடுங்க.”

காய்வதுதான் ஆபத்து என்றேன். அந்த வெயிலில் ஈர மரம் சுருங்கி வெடிக்கும், ஆணி பிடிவிடும், அடுக்கு அப்படியே சரியும்.

“சென்னைக்காரன்கிட்டயே வெயிலைப் பத்திப் பேசுறீங்களே” என்று சிரித்தான்.

எங்கள் தகடுகள் போய் இறங்கும் இடத்தில்தான் தம்பி வேலை செய்கிறான். போன மாதம் அங்கே ஓர் அடுக்குச் சரிந்து ஒருவருடைய கால் நசுங்கியது. வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் எடுத்தேன். வருகிற பேலட்டுகளை வெயில் படாமல் உள்ளே வைக்கச் சொன்னேன்.

“உள்ளே எங்க அக்கா இடம்? விக்கிறது கூரை, எங்களுக்குத்தான் கூரையில்லை.”

“அப்ப அடுக்குக்குக் கிட்ட நிக்காதையடா.”



“வேற எங்க நிக்கிறது அக்கா? அதுக்குப் பக்கத்தில மட்டும்தான் நிழல் இருக்கு.”