காசிம் அண்ணன் கீபோர்டு

12.6.88 ஞாயிறு
காலையில் சாரல். மில் லீவு. பெண்டடோனிக் ஸ்கேல், மூன்றாம் இடம். ஸ்வரம் என்னவோ ஐந்துதான். கிதார் கழுத்தில் அதைப் பிடிக்க ஐந்து இடம். முதல் இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வரும். மூன்றில் சுண்டுவிரல் மக்கர். மதுரை மாஸ்டர் ஐந்தையும் வாசித்துப் பதிந்து கொடுத்த கேசட்டை ஓடவிட்டு, அதற்கே தந்தியைச் சுருதி சேர்த்து, கூடவே வாசிப்பு.

அம்மா: "ஏலே, ஏறுத, எறங்குத. எப்பந்தான் பாட்டு வரும்?"

நியாயமான கேள்வி.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணக் கச்சேரிக்கு ஒத்திகை. என் கிதாரும் காசிம் அண்ணன் கீபோர்டும் ஒட்டவே இல்லை. "உங்க பொட்டி சுருதி ஏறிக் கெடக்குண்ணே" என்றேன், எல்லார் முன்னாலும். போன மழையில் நனைந்த கீபோர்டு, உடனே நம்பினார்கள். குழு நடத்தும் சீனி அண்ணாச்சி, "மதுரையில படிச்ச காதுல்லா" என்றார்.

"இருக்கும் தம்பி" என்று காசிம் அண்ணன் சுவிட்சை அணைத்துவிட்டார்.

பஸ்ஸில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

15.6 புதன்
டேப்ரிக்கார்டருக்குத் தங்கை புது செல் போட்டிருந்தாள். கேசட்டோடு கிதார் சேரவில்லை. தந்தி இறங்கிவிட்டதோ? பழைய செல்லைத் தேடி எடுத்துப் போட்டேன். கச்சிதமாகச் சேர்ந்தது.

தீர்ந்துபோன செல். டேப் மெதுவாக ஓடி, சுருதி இறங்கி, அதற்கு நான் கிதாரை இறக்கி... கீபோர்டில் ஒரு கோளாறும் இல்லை. தப்பு என்னுடையது.

வெட்கம்.

16.6 வியாழன்
அரை நாள் லீவு போட்டு ஸ்ரீவி., காசிம் அண்ணன் குடைக்கடை. சொல்லிவிடத்தான் போனேன். "வாங்க தம்பி, டீ சொல்லவா?" கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். போனார்கள். ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே மூன்று.

19.6 ஞாயிறு
ஒத்திகை. காசிம் அண்ணன் இல்லை. மதுரையிலிருந்து வேறு ஆள், வேறு கீபோர்டு. நானும் இப்போது சரியான சுருதியில், எல்லாம் சேர்ந்தது.

"பாத்தியளா, அந்தப் பொட்டிதான் வெனை" என்றார் சீனி அண்ணாச்சி. எனக்கு ஒரு தனி வாசிப்பும் தந்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் தனி வாசிப்பு போய்விடும். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

நான்காம் இடம் வந்துவிட்டது. சந்தோஷமே இல்லை.

26.6 ஞாயிறு
கல்யாணம். காற்று, பந்தல் படபடப்பு. தனி வாசிப்பில் முதல் இடத்திலிருந்து ஐந்தாம் இடம் வரை பிசிறில்லாமல் ஏறினேன். கைதட்டல். காசிம் அண்ணனும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மேடையை விட்டு இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா வாசிச்சிய தம்பி. இன்னைக்கு எம்புட்டு சுத்தமா சேருது! நீங்க சொன்னது சரிதான், நம்ம பொட்டிதான் கெட்டுப்போச்சு. வந்த வெலைக்குத் தள்ளிட்டேன்."

"நல்லதுண்ணே" என்றேன்.

நல்லதாம்.