பதினாலாவது வளைவில் ரிவர்ஸ்

மோனிஷா கண்ணுவுக்கு அப்பா எழுதுவது. தலைச்சோலையில் நானும் உன் அம்மாவும் நலம், நீ நலமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் அது முழு நலமாகும். ஒன்பது நாளாக நீ போன் எடுக்கவில்லை, ஓகே என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்புகிறாய். பேசினால் நான் மறுபடியும் வாயை விட்டுவிடுவேன் என்று உன் அம்மா பேப்பரும் பேனாவும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறாள், எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புவாளாம். எழுத்து கோணல் என்று சிரிக்காதே, முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. இங்கே காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, காலையில் கரடியூர் ஆட்களை ஜீப்பில் ஏற்றி எஸ்டேட்டில் விடுகிறேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

அன்றைக்கு நீ ஜெர்மனியிலிருந்து அழுதுகொண்டே, முடியலைப்பா, ஊட்டுக்கு வந்துடட்டுமா என்று கேட்டாய். மலை ஏறுற வண்டி பாதியில திரும்பக் கூடாது கண்ணு, ஊர் சிரிக்கும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிரிப்பார்களே என்ற பயம் எனக்குத்தான். நீ நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறிய நாளிலிருந்து, என் மகள் கரை சேர்ந்துவிட்டாள், எங்கேயோ போய்விட்டாள், இனி ஏறுமுகம்தான் என்று டீக்கடை டீக்கடையாகப் பீற்றிக்கொண்டவன் நான். மேலே வந்துவிட்டாள் என்றுகூடச் சொன்னேன். மலை உச்சியில பொறந்தவ இன்னும் எவ்வளவுதான் மேல போவா என்று உன் அம்மா கேட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சேலத்திலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறி வந்தேன். பதினாலாவது வளைவில் மழைக்கு மண் சரிந்து பாதி ரோடுதான் இருந்தது. மேலிருந்து இறங்கிய ஒரு கார் அதில் மூக்கை நுழைத்து நின்றுவிட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும் என்பது உனக்கே தெரியும், அதற்காக நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கும் திட்டத்தான் இறங்கிப் போனேன். காருக்குள் உன் வயசுப் பெண், தனியாக. பின்னால எடுக்கத் தெரியலைங்க அங்கிள் என்றாள். திட்டாமல் திரும்பி வந்து வண்டியில் ஏறினேன். ஜீப்பை நான் பின்னால் எடுத்தேன், பதிமூன்றாவது வளைவு வரைக்கும். மூட்டை இறக்கக் கூட வந்த ஐயாக்கண்ணு, ஏனுங் தனபாலு, நீங்களா பின்னால போறீங்க, இன்னைக்கு மழ நொம்ப பெய்யுமே என்று கேலி செய்தார். அந்தப் பெண் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள். நான் அதே வளைவை மறுபடி ஏறினேன், மொத்தம் பத்து நிமிஷம் தாமதம். ஊர் சிரிக்கவில்லை. ஐயாக்கண்ணு சிரித்தார், அவர் எதற்கும் சிரிப்பார்.

யாரோ பெற்ற பிள்ளைக்காகப் பின்னால் வந்தவன் நான் பெற்ற பிள்ளைக்கு வரவில்லையே என்று வண்டியிலேயே அழுதுவிட்டேன் கண்ணு. இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இதைப் படம் பிடிக்கப்போவதே அவள்தான், சரி, தெரிந்துவிட்டுப் போகட்டும். நேற்று டீக்கடையில் நானே சொல்லிவிட்டேன், என் மகள் வந்தாலும் வருவாள், ஒருத்தரும் அவளிடம் ஏன் என்று கேட்கக் கூடாது என்று. நானும் கேட்க மாட்டேன். அங்கேயே இருக்கத் தோன்றினால் இரு, அதுவும் உன் இஷ்டம்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் அந்தக் குளிரில் வெளியே போகாதே. நீ எங்கே இருந்தாலும் சேர்வராயன் சாமி உன் பக்கத்தில் இருப்பார். அம்மாவுக்கு ஒரு தடவை போன் செய், நான் பக்கத்தில் நின்று உன் குரலை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வந்துடட்டுமா என்று நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வா கண்ணு.

வழி பார்த்திருக்கும் உன் அப்பா,
தனபால்