மைனஸுக்குப் போன கடல்

19.8.2005, வெள்ளி

அனுமந்தையில் இன்று சுனாமி சைரன் சும்மாவே கத்தியிருக்கிறது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உப்பளம் வரை ஓடியிருக்கிறார்கள்.

நாங்கள் எழுதிய சைரன் புரோகிராமின் ஹெடர் ஃபைலில், அதை மெஷின் மொழிக்கு மாற்றும் பழைய கம்பைலருக்கென்று நான் வைத்திருந்த நாலு வரியைப் போன வாரம்தான் டீம் லீடர் சுரேஷ் அழித்தான். "அத எவன்பா இன்னும் யூஸ் பண்றான்?" சைரன் பெட்டிதான் பண்ணுகிறது. அந்தக் கம்பைலரில் int, அதாவது ஒரு முழு எண்ணுக்கான இடம், இரண்டே பைட்; முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் கொள்ளாது. பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் அளவு அதில் அடங்காமல் மைனஸாகிவிட்டது. சுனாமிக்கு முன்னால் போலக் கடல் உள்வாங்கிவிட்டது என்று பெட்டி எடுத்துக்கொண்டது.

வரிகளைத் திரும்பப் போட்டு, நானே போய்ப் பெட்டியில் ஏற்றிவிட்டு வந்தேன். சுரேஷ் வரவில்லை. உப்பள வரப்பில் ஒரு அம்மா உட்கார்ந்து காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே அது கத்தினா நான் எழுந்திருக்க மாட்டேன், தம்பி."

சரியாகிவிட்டது என்றேன். தலையை ஆட்டினார். அவர் வீட்டுக்கு அப்புறம் வீடு கிடையாது, கடல்தான்.