ஒரே பள்ளியில் இரண்டு கஜேந்திரன்

சுவான்சி, வேல்ஸ்
08.10.2023

நிலக்ஷி அப்பாவுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. பிள்ளைகள் வேறு பக்கத்தில் நின்று காது கொடுக்கிறார்கள். பெரிய விஷயங்களை எழுதிப் பேசுவோம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது.

ஆஸ்பத்திரி பழகிவிட்டது. ஊரில் ஒரு வார்டு முழுவதையும் ஓடி ஓடிப் பார்த்தவளுக்கு இங்கே எட்டு நோயாளிகள். ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் எழுதித் தீர்க்கிற எழுத்தில் கை கழன்றுவிடுகிறது. ஒரு கிழவர் என்னைத் தினமும் கல்யாணம் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் இரண்டு பார்த்தேன். ஒன்று பஸ்ஸில் போக வேண்டிய, பெயர்பெற்ற பள்ளி. மற்றது எங்கள் தெருமுனையில். தெருமுனையில்தான் சேர்த்திருக்கிறேன். நான் வேலைக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டு ஷைனி தன் மகளோடு நம் இரண்டையும் கூட்டிப் போகிறாள். அவளும் நர்ஸ், கேரளத்துக்காரி. அவளுக்கு வேலையுள்ள நாட்களில் மூன்று வாலும் என் பொறுப்பு.

அதில் ஒரு கூத்து நடந்துவிட்டது. சேர்க்கும்போது முதல் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு முதலில் வருவது அப்பாவின் பெயர்தானே? பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இரண்டு பேருக்கும் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். இங்கே முதல் பெயர் என்றால் பிள்ளையைக் கூப்பிடும் பெயராம். இப்போது அக்காள் வகுப்பில் ஒரு கஜேந்திரன், தம்பி வகுப்பில் ஒரு கஜேந்திரன். டீச்சர் அப்படிக் கூப்பிட்டதும் நிலக்ஷி எழுந்து நிற்கிறாளாம். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை வாய் திறந்து சொல்லாதவள் நான். வெள்ளிக்கிழமை இதை விளக்கப் பள்ளி ஆபீசில் நின்று எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது தெரியுமா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

சேலைக் கடை விஷயம் என்னாயிற்று? தீபாவளி வியாபாரம் முடிந்ததும் வருவதாகச் சொன்னீர்கள். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள்
சுதர்ஷினி


ஹட்டன், இலங்கை
22.11.2023

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாணம் கேட்கும் கிழவரை மட்டும் விட்டுவிட்டேன். அவரை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்.

பெயரை உடனே திருத்து. பொம்பளைப் பிள்ளையைக் கஜேந்திரன் என்று கூப்பிட்டால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு பள்ளியைப் பிடிப்பதா? நல்ல படிப்புக்காகத்தானே இவ்வளவு தூரம் போனீர்கள்?

நிலக்ஷியின் பழைய டீச்சர் பிரேமினி கடைக்கு வந்திருந்தார். "புள்ள கெட்டிக்காரிங்க. இப்பவே கூட்டிட்டு வந்தீங்கன்னா ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணிரும்" என்றார். எனக்கு அன்றைக்கு முழுவதும் அதே நினைப்பு. அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. பிள்ளையை அனுப்பி வை. அம்மா பார்த்துக்கொள்வார். இங்கே உன் ஆஸ்பத்திரி வேலையும் ஐந்து வருட லீவில்தானே இருக்கிறது, போய்விடவில்லையே. வருகிற மனம் இருந்தால் எல்லாருமே வந்துவிடலாம்.

தீபாவளி வியாபாரம் பரவாயில்லை. பொங்கல் போகட்டும். பிறகு ஏப்ரலில், வெளியூர்ச் சனம் மலைக்கு வரும் சீசனும் வருடப் பிறப்பும் சேர்ந்து வரும். அதையும் பார்த்துவிட்டு யோசிப்போம். என் தம்பி சதீஸ்குமார் கடையைத் தானே எடுத்து நடத்துவதாகச் சொல்கிறான். ஒரு சேலையை ஒழுங்காக மடிக்கத் தெரியாதவன்!

அதுவும் போகட்டும். அங்கே வந்து நான் என்ன செய்வது? இங்கே கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் "முதலாளி" என்று நின்று பேசுகிறார்கள்.

அன்புடன்
கஜேந்திரன்


சுவான்சி
28.01.2024

அன்புள்ள கஜேந்திரன்,

திடுக்கிட வேண்டாம். வாய்க்குப் பழகிய பெயர் இப்போது கைக்கும் வந்துவிட்டது.

தீபாவளி போய்ப் பொங்கலும் போயிற்று. அடுத்தது சீசன், அதற்கடுத்தது ஆடிப் பூசை. ஹட்டனில் வியாபாரமே இல்லாத மாதம் எது என்று எழுதுங்கள். அந்த மாதத்தில் டிக்கெட் பார்க்கலாம்.

நிலக்ஷியை அனுப்ப மாட்டேன். பரீட்சையில் அவள் பாஸாவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக அக்காளை ஒரு நாட்டிலும் தம்பியை ஒரு நாட்டிலும் வளர்க்க என்னால் முடியாது. வந்த புதிதில் வாயே திறக்காதவள், போன வாரம் வகுப்பில் நம் தேயிலை மலையைப் பற்றிப் பேசியிருக்கிறாள். நீ கொழுந்து பறித்திருக்கிறாயா என்று டீச்சர் கேட்டாராம். "இல்லை, பறிக்கிறவர்களுக்கு என் அப்பா சேலை விற்கிறார்" என்றாளாம். தெருமுனைப் பள்ளி போதும். நான் நன்றாகப் பார்த்துத்தான் சேர்த்தேன்.

அவள் பெயரைத் திருத்தியாயிற்று. கிஷாந்த்தான் மாட்டேன் என்கிறான். "அப்பா வர்ற வரைக்கும் நான் வச்சிருக்கேன்மா. வந்தா குடுத்துர்றேன்" என்றான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உங்கள் வேலை விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஆஸ்பத்திரித் துணி அறைக்கு ஆள் எடுக்கிறார்கள். சலவையிலிருந்து வருகிற பெட்ஷீட், போர்வை, நோயாளிகளின் உடுப்பு எல்லாவற்றையும் பிரித்து மடித்து வார்டு வார்டாக அனுப்ப வேண்டும். அதற்கு உங்களுக்கு இருக்கிற ஆங்கிலம் போதும் என்று விசாரித்துவிட்டேன். முதலாளி என்று அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள். இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிள்ளை பார்க்க ஆள் வேண்டும் என்று உங்களைக் கூப்பிடவில்லை. ஷைனியும் நானும் சமாளிக்கிறோம். நீங்கள் வராவிட்டாலும் நாங்கள் இங்கேதான் இருப்போம், நன்றாகவும் இருப்போம். ஆனால் வேலை முடிந்து வந்து யாரிடமாவது வார்டுக் கதையெல்லாம் கொட்ட வேண்டும் போலிருக்கிறது. அந்த யாராவது நீங்கள்தான். எனக்கு உங்களைத் தேடுகிறது.

மார்ச்சில் வேறு வீடு எடுக்க வேண்டும். மூன்று பேருக்குப் பார்ப்பதா, நாலு பேருக்கா? அதை மட்டும் எழுதுங்கள். சீசன் என்று எழுதாதீர்கள்.

உங்கள்
சுதர்ஷினி


ஹட்டன்
19.02.2024

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

முதல் வரியைப் பார்த்ததும், வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன். துணி அறை என்று படித்ததும் நீ சொன்னபடியே கோபம் வந்தது. அதனால்தான் சில நாள் உன் போனை எடுக்கவில்லை. மன்னித்துக்கொள்.

பள்ளி விட்டு வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள் கடை வாசலைக் கடந்து போகிற நேரத்தில் எனக்கு வியாபாரத்தில் மனம் நிற்பதில்லை. தீபாவளி, பொங்கல் எல்லாம் நான் சொன்ன சாக்குத்தான். எனக்குப் பயம். இங்கே நான் ஒரு ஆள். அங்கே வந்தால் உன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனாகிவிடுவேனோ என்ற பயம்.

நேற்று எதிர்க்கடை சரிபுதீன் நானா, நாலைந்து பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டார்.

"தம்பி, எப்ப போறீங்க? அங்க என்ன பிஸ்னஸ் செய்யப் போறீங்க?"

வழக்கமாகப் பார்ப்போம் என்று மழுப்புவேன். நேற்று ஏனோ வாயில் வந்துவிட்டது.

"பிஸ்னஸ் ஒண்ணுமில்ல நானா. ஆஸ்பத்திரியில பெட்ஷீட் மடிக்கப் போறேன்."

காது சுட்டது. யாரும் சிரிக்கவில்லை. நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "மடிக்கிறதுல உங்கள அடிக்க ஆள் இல்ல தம்பி. லீவெல்லாம் குடுப்பாங்களா?" என்றார். பிறகு பேச்சு மழைக்குப் போய்விட்டது. இந்த ஒரு கேள்விக்குப் பயந்தா இத்தனை மாதம் இங்கே உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இன்று காலை சதீஸ்குமாரிடம் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். நான் பார்க்கப் பார்க்கவே ஒரு பட்டுச் சேலையைக் கசக்கி மடித்தான். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அம்மா அழுதார். அழுது முடித்துவிட்டு, பிள்ளைகளுக்கு என்னென்ன கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானமே விசாவுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். துணி அறையில் என் பெயரைச் சொல்லி வை.

நாலு பேருக்கு வீடு பார். பயம் இன்னும் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

உன்
கஜேந்திரன்