அப்பா இன்னும் கடற்படைக்காரரா?

சசெபோ, ஜப்பான்,
ஜூலை 21

அன்பு மகள் ரேனாவுக்கு அம்மா எழுதுவது. மழைக்காலம் முடிந்து இங்கே வெயில் கொளுத்துகிறது, ஓஹாயோவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையில்லை. அப்பா அமெரிக்கக் கடற்படை முகாம் காவலில் இளைத்துவிட்டார், ஆனால் முகத்தை மட்டும் தினமும் மழமழவென்று மழித்துக்கொள்கிறார்.

கடற்படையை விட்டுப் பல வருஷம் ஆன மனிதரை அவர்கள் எப்படிப் பிடித்து வைக்கலாம் என்று போனில் கேட்டாயே, எனக்கும் அதே கேள்விதான். அப்பாவும் அவரோடு கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற டெல்பர்ட் மாமாவும் குடித்துவிட்டுச் சீட்டாட்டத்தில் சண்டை போட்டு, அப்பா தள்ளியதில் மாமா கல்படியில் விழுந்து போய்ச் சேர்ந்தார், அது உனக்குத் தெரியும். இரண்டு பேருமே அமெரிக்கர்கள் என்பதால் நம் ஊர்ப் போலீஸ் அப்பாவை முகாமிடம் ஒப்படைத்துவிட்டது. அப்பாவுக்கு மாதாமாதம் வருவது வெறும் ஓய்வூதியம் இல்லையாம், கூப்பிட்டால் திரும்பி வரவேண்டிய ஆளுக்குத் தருகிற சம்பளமாம், அதனால் சாகிறவரை ராணுவச் சட்டம் விடாதாம். முகாமிலிருந்து விசாரிக்க வந்த பொடியன் வக்கீல் வேண்டுமா என்று முறையாகத்தான் கேட்டானாம். ஆனால் முதலில் பழைய பதவியைச் சொல்லி "சீஃப்" என்று கூப்பிட்டுவிட்டான், அது போதாதா உன் அப்பாவுக்கு, விறைப்பாக எழுந்து நின்று ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார். வீட்டில் நான் நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்பாத மனிதர்!

அப்பாவுக்காக வாதாடும் வக்கீலம்மா வைல்டர் நல்ல பெண். ராணுவ நீதிமன்றத்துக்கு இவரை விசாரிக்க உரிமையில்லை என்று நீதிபதி ஒத்துக்கொண்டால் வழக்கு அமெரிக்காவில் பொது நீதிமன்றத்துக்குப் போகும், சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள் என்றாள். நீயும் போய்ப் பார்க்கலாமே என்று எனக்கு ஒரே ஆசை. ஓய்வு பெற்ற அன்று வரிசையாக நின்று ஊதல் ஊதி, உங்க காவல் முறை முடிஞ்சுது, இனி நாங்க பாத்துக்கறோம் என்று அப்பாவைக் கரைக்கு அனுப்பினார்களே, அதை மட்டும் சொல்லுங்க சீஃப், மிச்சத்தை நான் பாத்துக்கறேன் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை கூண்டில் ஏற்றி, நீங்க இன்னும் கடற்படை ஆளா என்று கேட்டாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, "ஆமாங்க ஐயா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் முகம் சுண்டிப்போனது. நீதிபதியும் கடற்படைக்கே உரிமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பார்க்கப் போனபோது பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். பொண்டாட்டி பிள்ளைக்காக ஒரு பொய் சொன்னா என்ன, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா என்று கேட்டேன். அவர், "ஃபுமி, டெல்பர்ட் பெட்டி மேல கொடி போர்த்தி, துப்பாக்கி மரியாதையோட அடக்கம் பண்ணாங்களாமே. செத்தவன் கடற்படைக்காரன்னா, கொன்னவன் மட்டும் எப்படி வெளியாளாவான்?" என்றார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன், கோபமா பெருமையா என்று இன்னும் தெரியவில்லை.

வக்கீலம்மா மேல்முறையீட்டுக்கு வழியிருக்கிறது என்கிறாள், அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார். நீ சொன்னால் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் பண்ண அவருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, மறக்காமல் எடு. ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லாதே, கண்ணு. டெல்பர்ட் மாமாவை இழந்து நிற்கும் ஹிசாயே அத்தை வீட்டு வாசலில் நான் ஊதுவத்தியோடு நின்றபோது அவள் கதவைத் திறந்தாள். நான் உள்ளே போய் மாமா படத்தைக் கும்பிட்டேன். அப்பா கூண்டில் ஆமாம் என்று ஒத்துக்கொண்டதால்தான் திறந்தாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஃபுமி